மணமகளின் ரவிக்கைக் கை

(அனுமந்தையில் கூடிய நம் சங்கத்துக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைத் தலைவரவர்கள் வாசித்தபோது உங்களுள் சிலர் முறுவல் கொண்டதைக் கண்டேன். கல்வி நிதி, உப்பளத்துக் கூலி, பிள்ளைகளின் உத்தியோகம் ஆகியவற்றைப் பற்றியே பேசிவந்த இம்மேடையில், மணப்பெண்ணின் ரவிக்கைக்குக் கை எவ்வளவு நீளம் வைப்பது என்பதைப் பற்றி ஒரு தமிழாசிரியன் பேசுவதா என்று நினைத்தல் இயல்பே. இது தையற்காரருக்கும் தாய்மார்க்கும் உரிய பொருள் என்பதை யானும் ஒப்புகின்றேன். ஆயினும் யான் இதனைத் தேடிச் செல்லவில்லை. இது நம் சங்கத்தைத் தேடி வந்தது.

இரண்டு திங்களுக்கு முன் நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் வந்தது. நம் குலத்துத் திருமணங்களில் மணமகளின் ரவிக்கைக் கை முழங்கைக்குக் குறையாதிருத்தல் வேண்டும், கையில்லாத ரவிக்கை அறவே கூடாது என்று சங்கம் தீர்மானம் செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டோர் யாவரும் நல்லவர். நம் குலத்தின் மானத்தில் கருத்துடையவர். அவர்தம் நோக்கத்தை யான் குறைகூறேன். அத்தீர்மானம் கூடாது என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களைச் சிறிது சொல்லிவிட்டு, கை தேர்வதில் நம் பெண்கள் கருதத்தக்க சில செய்திகளையும் கூறி முடிப்பேன்.

முதலில் பழமையைப் பார்ப்போம். கையுள்ள சட்டை தமிழர்க்குப் புதிதா, பழையதா என்று கேட்பாருளர். நம் பழைய நூல்களில் பெண்டிர்க்கு ஓதப்படுவது கச்சு. அது கட்டுவது, அதற்குக் கை இல்லை. முல்லைப்பாட்டில் மெய்ப்பை என்னும் சொல் வருகிறது. மெய்யை உள்ளே இட்டுக்கொள்ளும் பை என்பது அதன் பொருள். அதனை அணிந்தவராகக் கூறப்படுவோர் யவனர். துணி தைப்போரும் பண்டு நம்மிடை இல்லாமலில்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோருள் துன்னகாரர் என்பாரும் எண்ணப்பட்டுள்ளனர். துன்னம் என்பது தையல். கஞ்சுகம், குப்பாயம், சட்டை, ரவிக்கை, ஜாக்கெட் எனப் பெயர்கள் காலந்தோறும் வந்துகொண்டேயிருந்தன. ரவிக்கை என்பது தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் சொல்லோடு உறவுடையது. ஜாக்கெட் ஆங்கிலத்தினின்றும் வந்தது. ஒரு பொருளுக்கு இத்துணைப் பெயர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்தன எனின், அப்பொருள் ஒரே வடிவில் என்றும் நின்றதன்று என்பது தெளிவு.

நூலை விட்டு நம் வீட்டிற்கு வருவோம். என் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் தம் வாழ்நாளில் ரவிக்கை அணிந்தவரல்லர். சேலைத் தலைப்பையே இறுக்கிச் சுற்றி இடுப்பிற் செருகியிருப்பார். அக்கோலத்திலேயே உப்பளத்தில் உழைத்தார்; அக்கோலத்திலேயே கோயிலில் வழிபட்டார்; அக்கோலத்திலேயே நான்கு மக்களுக்குத் திருமணம் முடித்தார். இவ்வூரில் அவரை மதியாதார் ஒருவருமில்லை. அவர் போன்ற மூதாட்டியரை உங்களுள் முதியோர் பலர் கண்டிருப்பீர்கள். அவர்களுக்கு மானம் இல்லையென்று சொல்ல நம்முள் யாருக்கு நாவெழும்? ஆகவே மானம் என்பது ரவிக்கையின் கையில் தொங்கிக்கொண்டிருப்பதன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

இனி, உடையைப் பற்றி விதி செய்தால் யாது விளையும் என்பதற்கு நம் அண்டையிலேயே ஒரு வரலாறு உண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தென்திருவிதாங்கூர், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் நம் மாநிலத்தோடு இணைந்தது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அந்நாட்டில் நாடார் குலப் பெண்டிர் தோளின்மேல் சீலை இடலாகாது என்னும் வழக்கம் இருந்தது. தோள்சீலை மேற்குலத்தார்க்கே உரிய அடையாளம் என்று கொண்டனர். 1813-இல் ஆங்கிலேய ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்டிர் மேலாடை அணியலாம் என்று உத்தரவிட்டார். மேற்குலத்தார் முறையிடவே அது மாற்றப்பட்டது. தோள்சீலை கூடாது, ஆனால் சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம் என்றாயிற்று. மிஷனாரிமாரின் மனைவியர் குட்டையான கையுள்ள தளர்ந்த சட்டையொன்றை அமைத்துக் கொடுத்தனர். 1829-இல் அரசு மீண்டும் விளம்பரம் செய்து, தோள்சீலையை விலக்கிக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது.

இதில் ஒரு நுட்பம் உளது, அதனைக் கவனியுங்கள். அவ்வரசு தோளை மறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தைத்த கையால் மறைக்கலாம், நெய்த சீலையால் மறைக்கலாகாது என்றது. எனவே உடம்பை மறைப்பதற்கென்று பிறந்த கை, குலத்தைக் காட்டுவதற்குரிய முத்திரையாயிற்று. குப்பாயம் அணிந்தவளைக் கண்டவுடன் இவள் இன்ன குலத்தவள் என்று தெரிந்துகொள்ளலாம். அப்பெண்டிர் அதனோடு அமையவில்லை. கடைத்தெருவில் அவர்தம் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1858-ஆம் ஆண்டு இறுதியிலும் 1859-ஆம் ஆண்டு தொடக்கத்திலும் பெருங்கலகம் நடந்தது. சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்திய பின்னர், 1859 ஜூலை 26-இல் அரசர் புதிய விளம்பரம் செய்தார். அதிலும் குப்பாயம் அணியலாம், பரதவ மகளிர் போல முரட்டுத்துணி சுற்றலாம், வேறெவ்வகையாலும் மறைத்துக்கொள்ளலாம். மேற்குலப் பெண்டிர் அணியும் முறை மட்டும் ஆகாது என்றே இருந்தது.

அவ்வரசு செய்தது வேறு, நாம் செய்யப்புகுவது வேறு என்பீர்கள். உண்மைதான். அவர்கள் குறைக்கச் சொன்னார்கள். நாம் கூட்டச் சொல்கின்றோம். அவர்கள் தாழ்த்துதற்பொருட்டு விதித்தார்கள். நாம் உயர்த்துதற்பொருட்டு விதிக்கின்றோம். ஆனால் அளவுகோல் இரண்டிடத்தும் பெண்ணின் கையில் இல்லை. அவளுடைய தோளுக்கும் முழங்கைக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பிறர் கூடி அளந்து எழுதிவைத்தல் இரண்டிடத்தும் ஒன்றே. விதியென்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால், அதனைக் காக்க ஒருவர் வேண்டும். மீறினாரைக் கேட்க ஒருவர் வேண்டும். மணப்பந்தலின் வாயிலில் நின்று மணமகளின் கையை அளந்து பார்க்கும் பணியை நம்முள் யார் ஏற்பது?

விதி ஒருபுறம் நெருக்க, புதுமோகம் மற்றொருபுறம் இழுக்கிறது. அதனையும் கூறாவிடில் என் பேச்சு ஒருதலையாகும். இங்கிலாந்து தேசத்து விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10-இல் மணம்புரிந்தபோது அணிந்த உடைக்குக் குட்டையாய் உப்பிய கை. அதன்மேல் டெவன் நாட்டுப் பெண்கள் கையாற் பின்னிய லேசு. தம் நாட்டுப் பின்னற்காரர் பிழைக்க வேண்டுமென்றே அவ்வரசி அதனைத் தேர்ந்தார். 1890-களில் அத்தேசங்களில் கை தோளருகே பலூன் போல் பெருத்தது. சில ஆண்டுகளில் வற்றிப்போயிற்று. 1981-இல் டயானா என்பாரின் திருமணத்தில் மீண்டும் உப்பியது. 2011-இல் கேட் என்பாரின் திருமணத்தில் மெல்லிய லேசாய் மணிக்கட்டு வரை ஒட்டி நீண்டது. ஒவ்வொரு முறையும் உலகெங்கும் தையற்காரர் அதனைப் பார்த்துத் தைத்தனர். நம் நாட்டுப் பழைய நிழற்படங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு தலைமுறையில் கை உப்பியிருக்கும், அடுத்ததில் ஒட்டியிருக்கும். இன்று கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்து, ஆரி வேலை என்னும் ஊசிவேலைப்பாட்டைக் கைமுழுதும் நிறைத்துத் தைத்துக்கொள்ளாத மணமகள் அரியள். ஊர் வழக்கம் என்று நாம் காக்கப்புகுவதும் சில ஆண்டுக்குமுன் வந்த புதுமையே. நாளை போவதும் அதுவே. ஓடும் நீரில் எல்லைக்கல் நடுதல் ஆகாது.

இனி யான் கூறப்போவது என் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி தன் தாயோடு என் இல்லத்திற்கு வந்தாள். திருமண அழைப்பிதழ் எழுதித் தர வேண்டுமென்று கேட்டார்கள். தந்தை இல்லாத குடும்பம். படிக்கும் நாளிலேயே விடுமுறை தோறும் தாயோடு உப்பளத்திற்குச் சென்றவள். அளத்து வேலையை நீங்கள் அறிவீர்கள். வெயிலும் உப்புநீரும் தாக்காதிருக்கப் பெண்கள் சேலையின்மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவர். சட்டைக் கை எட்டும்வரை ஒரு நிறம். அதற்குக் கீழே வேறு நிறம். அப்பெண்ணின் கையும் அவ்வாறே இருந்தது. உப்பு அரித்த தழும்பும் இரண்டொன்று இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருள் ஒருவர், மணவறையில் ரவிக்கைக் கை மணிக்கட்டு வரை இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். காரணத்தையும் மறையாமல் சொல்லியிருந்தார்: கையின் நிறம் படத்தில் தெரியலாகாது. தாய் அதற்கு இசைந்து, சேலையோடு வந்த துண்டு போதாமையால் வேறு பட்டு வாங்கி, கைமுழுதும் வேலைப்பாடு செய்யக் கடனும் வாங்கியிருந்தார். அழைப்பிதழ் எழுதி முடிந்தபின் தாய் வாயிலுக்குச் சென்ற சமயம் பார்த்து அப்பெண் என்னைக் கேட்டாள்: "ஐயா, என் கை மறைத்து வைக்க வேண்டிய கையா?"

பத்தாண்டு நிகண்டும் இலக்கணமும் கற்பித்த யான் அதற்குச் சொன்ன விடை, "ஒருநாள் தானே அம்மா, பொறுத்துக்கொள்" என்பது. அவள் மறுமொழி கூறாமல் வணங்கிப் போனாள்.

திருமணம் வைகாசியில் நடந்தது. கடற்காற்றும் வீசாத காலை. யான் பந்தலில் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். காப்புக் கட்ட மணிக்கட்டைக் காணவில்லை. கையை மேலே தள்ளினார்கள், வேலைப்பாட்டின் கனத்தால் அது மேலேறவில்லை. பட்டின்மேலேயே காப்பைக் கட்டினார்கள். தாரை வார்த்த நீர் அதனை நனைத்தது. மாலை மாற்றக் கையுயர்த்தியபோது அக்குளருகே தையல் விட்டுப்போயிற்று. அதன்பின் அப்பெண் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டே அமர்ந்திருந்தாள். அவள் முகத்தில் மணமகளின் களிப்பைக் காணேன். அக்காட்சி என்னைச் சுட்டது. "ஒருநாள் தானே" என்றேன். அந்த ஒருநாளே அவளுடையது என்பதை மறந்தேன். உப்பளத்தில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய கையைக் கண்டு நாணவேண்டியவள் அவளல்லள் என்பதை அன்று யான் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாமையால் இன்று உங்கள்முன் சொல்லுகின்றேன்.

ஆதலால் கை தேரும் பெண்களுக்கும் அவர்தம் தாய்மார்க்கும் சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன். இவை எனக்குச் சொந்தமல்ல; இத்தொழிலில் முதிர்ந்த தையற்காரரிடமும் என் இல்லத்தாரிடமும் கேட்டறிந்தவை.

முதலாவது, அன்றைய சடங்குகளை எண்ணிப் பாருங்கள். காப்புக் கட்ட மணிக்கட்டு வேண்டும். வளையல் அடுக்க முன்கை வேண்டும். வங்கி அணிவதாயின் மேற்கையில் இடம் வேண்டும். முழுக்கை வைத்தால் இம்மூன்றும் துணியின்மேல் அமையும். வங்கி அணிவோர்க்குக் குட்டைக்கையே ஒக்கும். முழங்கைக் கையும் முக்கால் கையும் காப்புக்கும் வளையலுக்கும் இடம்விடும். முழுக்கையே விருப்பமெனின் மணிக்கட்டில் பொத்தானோ கொக்கியோ வைத்துத் திறக்குமாறு தைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கை உயர்தல் வேண்டும். கைக்குழியைத் தாழ இறக்கி வெட்டினால் தளர்வாயிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. குழி தாழ்ந்தால் கையைத் தூக்குந்தோறும் ரவிக்கை முழுவதும் மேலே இழுபடும்; தையலும் அறும். அக்குளை உறுத்தாத அளவில் குழி உயர்ந்திருந்தால் உடம்புப்பகுதி அசையாமல் நிற்கக் கை எளிதில் எழும். தோளில் உப்பி நிற்கும் பஃப் கைக்கும் இதுவே நியதி. அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு மட்டும் அளத்தலாகாது. மடக்கியும் அளத்தல் வேண்டும். உழைக்கும் கை மடக்கும்போது பருக்கும்; ஓரங்குலமாவது கூட்டிவைக்க வேண்டும். தைத்து வந்தபின் வீட்டிலேயே மாலை மாற்றுவது போல் இருகையும் உயர்த்திப் பாருங்கள். திருமணத்திற்கு முந்திய நாள் தைத்து வாங்கினால் இதற்கு நேரமிராது.

மூன்றாவது, துணியையும் கரையையும் பாருங்கள். பட்டுச்சேலையோடு நெய்துவரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் அளவே. அதில் முழங்கை வரையிற் கை வரும். பெரிய உடம்பினர்க்கு முழுக்கை வாராது. வேறு பட்டு வாங்கினால் நிறமும் ஒவ்வாது, பணமும் போகும். கரை ஐந்தங்குல அகலமாயின் குட்டைக்கை முழுவதும் கரையாகவே அமைந்துவிடும். அதற்கு வேலைப்பாடு வேண்டுவதில்லை. நெய்தவர் செய்த அழகே போதும்.

நான்காவது, பருவத்தை எண்ணுங்கள். தையில் நடக்கும் மணத்திற்குத் தாங்கும் கை வைகாசியில் தாங்காது. நம் கடற்கரையில் புழுக்கம் மிகுதி. ஓமப்புகையும் படப்பிடிப்பு விளக்குகளும் சேரும். உள்ளே மெல்லிய பருத்தித்துணி கொடுத்துத் தைத்தால் வியர்வை பட்டைக் கெடுக்காது. சரிகையின் முடிச்சும் தோலை அராவாது.

ஐந்தாவது, வேலைப்பாடு வைப்பதாயின், துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பூவேலை முடித்த பின்னரே வெட்டித் தைப்பர். ஆகவே அளவு முன்னரே உறுதியாதல் வேண்டும். பூவேலைக்கு வெளியே இருபுறமும் துணி விட்டு, உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மணத்திற்குள் உடம்பு மெலியலாம், பெருக்கலாம். பின்னர் பிள்ளைப்பேற்றிற்குப் பிறகும் அந்த ரவிக்கை உதவலாம். ஒருநாளைக்கென்று தைத்துப் பெட்டியில் பூட்டுவது செல்வர்க்கும் அழகன்று.

இவையெல்லாம் சொன்னபின்னும் தேர்வு மணமகளுடையதே. முழுக்கை அவள் விரும்பினால் முழுக்கை. கையில்லாததை விரும்பினாலும் அது அவள் விருப்பம். அன்னையும் அத்தையும் அண்ணியும் யோசனை சொல்லலாம், வற்புறுத்தலாகாது. மாப்பிள்ளை வீட்டார் இதிற் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

சங்கம் யாதும் செய்யவேண்டா என்பது என் கருத்தன்று, செய்யத்தக்கது வேறு. மணமகளின் உடையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை சொல்லும் வழக்கத்தை நாம் கண்டிக்கலாம். ரவிக்கை வேலைப்பாட்டிற்காகக் கடன் வாங்கும் ஏழைக் குடும்பத்திற்கு, கடன் வேண்டா என்று வீடு தேடிச்சென்று சொல்லலாம். தையல் கற்ற நம் பெண்கள் பலர் வேலையின்றி இருக்கின்றனர். நம் இல்லத்து மணங்களுக்கு அவர்களிடம் தைக்கக் கொடுக்கலாம். ஒரு நாட்டின் அரசி தன் மணக்கையை ஏழைப் பின்னற்காரரிடம் கொடுத்துச் செய்வித்தாள் எனின், நாம் நம் குலத்துப் பெண்ணிடம் கொடுத்தல் குறைவாகாது.

அந்த மாணவியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகின்றேன். சென்ற ஆவணியில் அவள் தங்கைக்கு மணம் நடந்தது. பந்தலில் அக்காள் அதே பட்டு ரவிக்கையை அணிந்து வந்திருந்தாள். மணிக்கட்டு வரை நீண்டிருந்த கையை முழங்கையோடு வெட்டி மடித்துத் தைத்திருந்தாள். கிழிந்த அக்குளுக்கு, வெட்டியெடுத்த துணியையே ஒட்டுக் கொடுத்திருந்தாள். முன்கையின் இருநிறமும் யாவருக்கும் தெரிந்தன. அக்கையாலேயே எனக்குச் சந்தனம் கொடுத்தாள். "ஐயா, இப்போது கை நன்றாக எழுகிறது" என்றாள். யான் தலைகுனிந்து சந்தனத்தை எடுத்துக்கொண்டேன்.

பெரியோர்களே! அவ்விண்ணப்பத்தைத் தீர்மானமாக்காமல் மரியாதையோடு திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன். நம் பெண்களின் கைகள் உயர்க.